வெள்ளையம்மாளும் பத்மினியும்: பாஞ்சாலங்குறிச்சிப் பெண்ணுருவின் திரைவாழ்வு

முன்னுரை

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று அங்குக் காணப்படுவது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டையாகும். அக்கோட்டைப் பெண்களின் உருவமோ, பொதுமக்கள் மனத்தில் பெரிதும் பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) திரைப்படத்தின் வழியே நிலைபெற்றது. அதில் ஜக்கம்மாளாக எஸ்.வரலட்சுமியும், வெள்ளையம்மாளாகப் பத்மினியும் நடித்தனர். இவ்விருவருள் பத்மினியின் உருவம் நிலைத்தமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

அழகும் அபிநயமும்

பத்மினி (1932–2006) திருவனந்தபுரத்தில் பிறந்தவர்; குரு கோபிநாத்திடம் நாட்டியம் பயின்றவர்; ‘நாட்டியப் பேரொளி’ எனப் போற்றப்பட்டவர். அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அழகு, அணிகலன், ஆடல் ஆகிய மூன்றனுள் அடங்கிவிடுகின்றன. இப்படத்தைப் பற்றிய பேச்சோ, ஜாக்சன் துரையின் முன் சிவாஜி கணேசன் பேசும் வசனத்திலேயே நின்றுவிடுகிறது. இவ்விரு போக்குகளும் வெள்ளையம்மாள் சொல்லும் மறுப்பைக் காணத் தவறுகின்றன. படத்தின் முற்பகுதியில் தன் காளையின் வலிமையைச் செருக்குடன் பாடுபவள், பிற்பகுதியில் தீக்கனாக் கண்டு, போருக்குப் புறப்படும் வெள்ளையத்தேவனைத் தடுக்கிறாள். செருக்கு மன்றாட்டாக மாறும் இவ்விடத்தில் பத்மினியின் நாட்டியப் பயிற்சி அலங்காரமாகவன்றி, வாதத்தின் மொழியாகவே தொழிற்படுகிறது.

மரபும் மறுப்பும்

இக்கனாக் காட்சி திரைப்படத்தின் புனைவன்று. கட்டபொம்மன் கதைப்பாடல் மரபிலிருந்து பெறப்பட்டது. புறநானூற்றின் மூதின்முல்லைப் பெண், போரில் உறவுகளை இழந்த பின்னும் தன் ஒரே மகனைப் போர்க்களத்திற்கு அனுப்புகிறாள். கண்ணகி, கணவனை இழந்த பின்னர் மன்னன் முன் வழக்குரைக்கிறாள். வெள்ளையம்மாளோ இழப்பு நேருமுன்பே வழக்குரைக்கிறாள். போரில் கணவனை இழக்கவிருப்பவளின் குரலை வீரகாவியத்தினுள் ஒலிக்கச் செய்தமை வாய்மொழி மரபின் சாதனையாகும்.

எனினும், அம்மறுப்பு கனவு என்னும் வடிவிலேயே அனுமதிக்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. ‘போர் வேண்டா’ எனக் காரணங்காட்டிச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை; ‘தீய நிமித்தம் கண்டேன்’ என்றே சொல்ல இயலும். கதைமுடிவு அவளது அச்சத்தை மெய்ப்பித்தாலும், அவளது மறுப்பை விவாதப் பொருளாக்கவில்லை.

முடிவுரை

ஆடையும் அணியும் காலத்தால் பழமையடைவன. பத்மினியின் வெள்ளையம்மாள் நிலைத்திருப்பது, வரிகொடேன் என்ற ஆணின் மறுப்பிற்கு இணையாகப் போகவிடேன் என்ற பெண்ணின் மறுப்பிற்கு உடல்மொழி தந்தமையாலேயாம். பெண் கலைஞரைப் பண்பாட்டுச் சின்னமாகக் கொண்டாடும் திறனாய்வு, அவரது தோற்றத்தோடு நில்லாமல், அத்தோற்றம் எக்குரலை ஏந்தி நின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயாத கொண்டாட்டம், கலைஞரை மீண்டும் அணிகலனாகவே ஆக்கிவிடும்.