ஆர்ம்ஸ்ட்ராங்கின் கால் தூளி

நீல் ஆர்ம்ஸ்ட்ராங் 2012 ஆகஸ்டில் இறந்த பிறகு, அவர் மனைவி கேரல் வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைத் துணிப்பையைக் கண்டெடுத்தார். உள்ளே விண்கலச் சாமான் மாதிரி என்னென்னமோ இருக்கவே, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் படம் அனுப்பினார். அப்பல்லோ 11-இல் நிலவுக்குப் போய்வந்த சாமான்கள் அவை. 2015 பிப்ரவரியில் அருங்காட்சியகம் விஷயத்தை வெளியே சொன்னது.

பத்திரிகைகள் எல்லாம் பையிலிருந்த 16 மி.மீ. கேமராவைப் பிடித்துக்கொண்டன. ஈகிள் கலத்தின் ஜன்னலில் இருந்தபடி நிலவில் இறங்குவதைப் படம் பிடித்த கேமரா, நியாயம்தான். என் கண் போனது பக்கத்தில் இருந்த இடுப்புப் பட்டை மேல். விண்வெளி உடையோடு மாட்டிக்கொள்ளும், கொக்கி வைத்த சாதாரணப் பட்டை. நிலவிலிருந்து திரும்பும்போது இரண்டு கலங்களுக்கும் நடுவில் உள்ள சுரங்கவழி திறக்காமல் போனால், வெளியே இறங்கித்தான் தாய்க்கலத்துக்குப் போகணும். அப்போது ஆள் மிதந்து போய்விடாமல் பிடித்துக்கொள்ள இது. அந்த வேலைக்கு இது தேவைப்படவே இல்லை.

வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. நிலவில் இரண்டரை மணி நேரம் நடந்துவிட்டு உள்ளே வந்தவர்களுக்குத் தூங்க இடம் இல்லை. ஆல்ட்ரின் தரையில் சுருண்டார். ஆர்ம்ஸ்ட்ராங் எஞ்சின் மூடி மேல் சாய்ந்தார், காலை வைக்க இடமில்லை. இந்தப் பட்டையை வளையமாகக் கட்டித் தொங்கவிட்டு அதில் காலைப் போட்டுக்கொண்டார். நம்ம ஊர்த் தூளியேதான். அப்படியும் தூக்கம் வரவில்லை: குளிர், இயந்திரச் சத்தம், போதாததற்குத் தொலைநோக்கி வழியாகப் பூமியின் வெளிச்சம் நேராகக் கண்ணில்.

இதை அருங்காட்சியகம் சொல்லாமல் விடவில்லை, அதற்குப் பாராட்டு. ஆனால் அவர்கள் எழுதியதில் கனம் முழுக்க "நிலவுக்குப் போய்வந்தது" என்பதில்தான். தூளி விஷயம் போகிற போக்கில் வருகிறது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நிலவுக்குப் போனது என்பதை மட்டும் வைத்தால் விலைதான் வரும். 2017-இல் அதே பயணத்தில் நிலவு மண் அடைத்து வந்த ஒரு பை ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போனது. பட்டையின் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது வெறும் பட்டை. அதைத் தூளியாக்கியது எழுத்துப் பதிவு. நாசா திரும்பி வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டது, சொன்னதை எழுதி வைத்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கோ இந்தப் பையைப் பற்றி யாரிடமும் பேசியதாகவே தெரியவில்லை. அன்றைக்கு அவர் காலின்ஸிடம் அதைத் திருப்பி எடுத்துப்போக வேண்டிய குப்பை என்றுதான் சொன்னார், அதுவும் ஒலிப்பதிவில் இருக்கிறது. நாற்பத்தைந்து வருஷம் கழித்துப் பை என்ன பை என்று அடையாளம் சொல்ல அந்தப் பதிவுகள்தான் உதவின.

கள்ளக்குறிச்சியில் எங்க வீட்டுப் பரணிலும் ஒரு தூளி இருக்கிறது, கிழிந்த ஜமக்காளம். அப்பா கல்வராயன் மலையில் வாத்தியாராக இருந்தபோது, சாலை இல்லாத ஊர் ஒன்றிலிருந்து பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை இதில் கம்பு கோத்துக் கட்டித் தூக்கி வந்தார்களாம். இதைப் படித்த அன்று ராத்திரி அம்மாவைக் கேட்டேன், எந்த ஊரும்மா, தூக்கினவங்க யாரு?

"வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம்னு சொல்வாரு. நாலு பேரு. பேரெல்லாம் யாரு எழுதி வெச்சா?"

குழந்தை?

"பொண்ணு. அது மட்டும் தெரியும்."

ஒரு அட்டையில் இவ்வளவையும் எழுதி ஜமக்காளத்தில் குத்தி வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயருக்கும் நாலு பேருக்கும் இடம் விட்டிருக்கிறது.