மணிக்கட்டில் ஒரு நேட்டோ

வாட்ச் வாங்கப் போனால் நாம் பத்துக் கடை ஏறி இறங்குவோம். மெஷின் என்ன, கியாரண்டி எத்தனை வருஷம், தண்ணீர் புகுமா, இருட்டில் முள் தெரியுமா என்று கடைக்காரரைக் குடைந்து எடுத்துவிடுவோம். அதே வாட்சின் வார் அறுந்துபோனால்? போகிற வழியில் கண்ணில் படுகிற கடையில் நின்று, “அண்ணாச்சி, இதுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க” என்போம். கலர் பிடித்தால் சரி. அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். வாட்சை நீங்கள் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்பீர்கள். வாரை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை உங்கள் தோலோடு ஒட்டிக்கொண்டு வேர்வை குடிப்பது அதுதான். அது விட்டால் வாட்ச் தரையில். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஹோட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம். வாட்ச் வாருக்கு எழுதினால் என்ன? இந்த வாரம் அதுதான். குறிப்பாக, இப்போது எல்லா ஊரிலும் தொங்குகிற நைலான் பட்டை.

எல்லா ஊரிலும் என்றால் நிஜமாகவே எல்லா ஊரிலும். சாத்தூர் பக்கத்தில் இருக்கன்குடி இருக்கிறதே, அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம், அங்கே ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூடுகிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆற்று மணலே தெரியாது. கண் நோய் தீர்ந்தால் அம்மனுக்குக் கண்மலர் வாங்கிப் போடுகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், அக்னிச்சட்டி எடுக்கிறவர்கள். வளையல், பொம்மை, பொரிகடலைக்கு நடுவே ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கின நைலான் பட்டைகள். பச்சை, சாம்பல், கறுப்பு, வரி போட்டது. “என்ன தம்பி இது?” என்றேன். “நேட்டோ சார். மிலிட்டரிக்காரங்க போடுறது. அறுக்கவே அறுக்காது!” என்றார் அந்தத் தம்பி. மாரியம்மன் சந்நிதிக்கு நேட்டோ வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். இந்தப் பட்டையில் எது நிஜம், எது வெறும் பெயர் என்று அதில் தெரிந்துவிடும்.

நைலானைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி. 1935-ல் வாலஸ் கரோதர்ஸ் என்ற ரசாயன விஞ்ஞானியின் குழு உருவாக்கியது. 1938-ல் முதலில் கடைக்கு வந்தது டூத் பிரஷ் முடியாக. 1940-ல் பெண்களின் காலுறையாக வந்தபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. அடுத்து யுத்தம். காலுறை நின்று பாராசூட் வந்தது. ராணுவத்துக்கு நைலான் பிடித்துப்போனதற்குக் காரணம் எளிது. லேசானது, வலுவானது, நனைந்தால் சீக்கிரம் காயும், தோல் மாதிரி பூஞ்சை பிடித்து மக்காது.

1973-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தன் சிப்பாய்களுக்கான வாட்ச் பட்டை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தர ஆவணம் போட்டது. நைலான், சாம்பல் நிறம், அகலம் 20 மில்லிமீட்டர். சிப்பாய் ஜி-1098 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்து ஸ்டோரில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அதற்கு ‘ஜி-10’ என்றே பெயர். நேட்டோ நாடுகளின் ராணுவங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்கத்தில் ஒரு சரக்கு எண் உண்டு. பட்டைக்கும் இருந்தது. அந்த எண்ணின் பெயரைப் பட்டைக்கே வைத்துவிட்டார்கள் வியாபாரிகள். ஆக, ‘நேட்டோ’ என்பது ஸ்டோர் ரூம் லெட்ஜரில் ஒரு வரி. வீரமெல்லாம் பிற்பாடு விற்பனைக்காகச் சேர்ந்தது. நான் படித்தது பி.காம்., லெட்ஜரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதைதான். ஆனால் அதற்காக நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க முடியாது.

ஜேம்ஸ் பாண்ட் கதையும் இப்படித்தான். 1964-ல் வந்த ‘கோல்ட் ஃபிங்கர்’ படத்தில் ஷான் கானரி கையில் ரோலெக்ஸ், அதில் வரி போட்ட நைலான் பட்டை. இன்றைக்கு அதை ‘பாண்ட் நேட்டோ’ என்று விற்கிறார்கள். ராணுவ ஆவணம் வந்ததே ஒன்பது வருஷம் கழித்து! இன்னொரு வேடிக்கை, அந்தப் படத்தில் பட்டை வாட்சுக்குப் பொருந்தவே இல்லை. இரண்டு பக்கமும் இடைவெளி பல்லிளிக்கும். உலகமே பார்த்து மயங்கிய பட்டை, அளவு தப்பிய பட்டை.

அதனால் பெயரை விட்டுவிட்டு அளவுக்கு வாருங்கள். வாட்சின் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஜோடிக் கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் பட்டையின் அகலம். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பழைய எச்.எம்.டி. வாட்சுகளுக்குப் பொதுவாக 18 மில்லிமீட்டர். இப்போதைய ஆண்கள் வாட்சுகளில் 20, 22 அதிகம். நைலான் வளைந்து கொடுக்கும் என்பதால் 18-க்குள் 20-ஐத் திணித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. போகத்தான் செய்யும். ஆனால் ஓரம் கொம்பில் உராய்ந்து நூல் பிரியும். குறைவான அகலம் என்றால் பட்டை இடமும் வலமும் ஆடும், ஷான் கானரிக்கு ஆன மாதிரி. “பரவால்ல சார், செட் ஆயிடும்” என்றால் நம்பாதீர்கள். பட்டை செட் ஆகாது, நீங்கள்தான் செட் ஆவீர்கள்.

இந்தப் பட்டையின் உண்மையான பெருமை, அது ஒரே துண்டு என்பதில் இருக்கிறது. சாதாரண வார் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் பின் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பின் தெறித்தால் வாட்ச் போச்சு. நைலான் பட்டையோ ஒரு பின்னுக்கு அடியில் நுழைந்து, வாட்சின் முதுகு வழியாகப் போய், அடுத்த பின்னுக்கு அடியில் வெளியே வருகிறது. ஒரு பின் போனாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற நம் ஜனத்துக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. வாட்சுக்கு அடியில் இன்னொரு குட்டித் துண்டும் தைத்திருக்கும். வாட்ச் பட்டையில் வழுக்கி ஓடாமல் பிடித்துக்கொள்வதற்காக. மலிவுப் பட்டைகளில் முதலில் காணாமல் போவது இந்தக் குட்டித் துண்டுதான். அது இல்லாமலும் ‘நேட்டோ’ என்றே விற்கிறார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. முதுகுக்கு அடியில் இரண்டு அடுக்குத் துணி ஓடுவதால் வாட்ச் உயர்ந்து நிற்கும். ஏற்கெனவே தடிமனான வாட்ச் என்றால் கையில் டிபன் பாக்ஸ் கட்டின மாதிரி. முழுக்கைச் சட்டையின் பட்டன் போடுவது கஷ்டம். மெல்லிய பழைய வாட்சுகளுக்கு அழகாக இருக்கும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். ஒன்று, ஓட்டைகள். நல்ல பட்டையில் ஓட்டையின் ஓரத்தைச் சூட்டில் உருக்கி அடைத்திருப்பார்கள், நகத்தால் கீறினால் நூல் வராது. இரண்டு, நெசவு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். கொசுவலை மாதிரி வெளிச்சம் வந்தால் வேண்டாம். மூன்று, பக்கிள். அதன் முள் ஆடக் கூடாது, ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது. அப்படியே பழைய ஸ்பிரிங் பின்னையும் மாற்றச் சொல்லுங்கள். சட்டை புதுசு, பட்டன் பழசு என்றால் என்ன பிரயோஜனம்?

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிமேல் சொல்வது விருதுநகர், சாத்தூர், சிவகாசிக்காரர்களுக்கு.

சற்று முன் சொன்னேனே, ஓட்டையின் ஓரத்தை உருக்கி அடைப்பார்கள் என்று? அதுதான் நைலானின் குணம். பருத்தி எரிந்து சாம்பலாகும். நைலான் இளகி, உருகி, பாகு மாதிரி ஆகும். நுனி பிரிந்தால் ஒரு தீக்குச்சி போதும், ஒரு விநாடி காட்டினால் நூல்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அதே பாகு உங்கள் தோலில் ஒட்டினால்? உதறினாலும் போகாது. சூடு ஆறுகிற வரை தோலை வேகவைத்துக்கொண்டே இருக்கும். தீபாவளிக்குப் பருத்தி உடுத்துங்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறார்களே, காரணம் இதுதான். சட்டையைப் பருத்தியாகப் போட்டுக்கொண்டு, மத்தாப்பு பிடிக்கிற கையிலேயே நைலான் பட்டையைக் கட்டிக்கொண்டால் அந்த அறிவுரையில் பாதியைத்தான் கேட்டதாக அர்த்தம்.

அக்னிச்சட்டியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். சட்டி இருப்பது உள்ளங்கையில். அதற்கு நாலு விரற்கடை கீழே மணிக்கட்டு. கையில் வேப்பிலை உண்டு, பக்தி உண்டு. நைலான் பட்டைக்கு இரண்டும் தெரியாது. நேர்த்திக்கடன் முடிகிற வரை வாட்சைக் கழற்றி வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள். அம்மன் மணி பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

பட்டாசு ஷெட் இன்னும் கறாரான இடம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரும்புக் கருவி கூடாது, பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு அனுப்ப, கையை ஒரு தகட்டில் வைத்துவிட்டு உள்ளே போகிற ஏற்பாடும் உண்டு. செயற்கை இழை உராய்ந்தால் அந்த மின்சாரம் சேரும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு தங்கும். பட்டாசும் தீப்பெட்டியும் இந்தக் கரிசல் மண்ணில் செழித்ததற்கு ஒரு காரணமே காய்ந்த காற்றுதான். நைலான் பட்டையோ செயற்கை இழையும் இரும்புப் பக்கிளும் சேர்ந்த பொருள். தவிர்க்க வேண்டிய இரண்டும் ஒரே கட்டில்!

“இத்துனூண்டு பட்டையில என்ன கரண்ட் வந்துடப் போகுது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரொம்பக் குறைவாகத்தான் வரும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற இடம் அது இல்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம். முதல் விபத்தில் முப்பதுக்கும் மேல், இரண்டாவதில் இருபதுக்கும் மேல் உயிர்கள். அதற்கெல்லாம் வாட்ச் பட்டை காரணம் என்று நான் சொல்லவில்லை. மருந்துக்குப் பக்கத்தில் சின்ன விஷயம் என்று எதுவும் கிடையாது என்றுதான் சொல்கிறேன். வாட்ச் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

அதனால்தான் ‘மிலிட்டரி’ என்ற வார்த்தை மேல் எனக்குக் கோபம். அந்த வார்த்தை கேட்டதும், எதற்கும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். 1973-ல் ஆவணம் எழுதியவர் ஒரு சிப்பாயின் கையை மனதில் வைத்து எழுதினார். மழை, சேறு, வேர்வை. அதற்கு அது பிரமாதமான பட்டை. நம் கை வேறு வேலை செய்கிறது என்றால், கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். விற்கிற தம்பி கேட்க மாட்டார்.

வாங்கியாயிற்று, பராமரிப்பு? இதைவிட சுலபமான பொருள் கிடையாது. வேர்வை காய்ந்தால் உப்பு, ஆற்றங்கரைக்குப் போய் வந்தால் மணல். இரண்டும் நெசவுக்குள் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி வாட்சின் முதுகைத் தேய்க்கும். வாரம் ஒரு தடவை பட்டையைக் கழற்றுங்கள். பின்னைத் தொட வேண்டாம், உருவினாலே வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், குளிக்கிற சோப்பு, பழைய டூத் பிரஷ். நைலானை நைலானே துலக்கட்டும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் பக்கம் போகாதீர்கள். காயப்போடுவது நிழலில். வெயில் நைலானின் வலுவை மெல்ல மெல்லத் தின்றுவிடும், மொட்டை மாடிக் கொடிக்கயிறு நைந்து போவதைப் பார்த்திருப்பீர்களே. ஈரத்தோடு கட்டாதீர்கள், தோல் அரிக்கும். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. இரண்டு பட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டினால் இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும்.

நுனி பிரிந்தால் தீக்குச்சி வைத்தியம் சொன்னேன் அல்லவா? வாட்சை உருவி வைத்துவிட்டு, பட்டையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலில் செய்யுங்கள். உருகின நுனியை விரலால் அமுக்காதீர்கள். ஓட்டை கிழிந்துவிட்டால் வைத்தியமே பார்க்க வேண்டாம், புதுசு வாங்குங்கள். அக்கவுன்ட்ஸ் பாஷையில் சொன்னால் வாட்ச் சொத்து, பட்டை செலவு. செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொத்தைக் கீழே போடக் கூடாது.

தீர்ப்பு? வேர்வைக்கு, மழைக்கு, பஸ் பயணத்துக்கு, தாத்தாவின் எச்.எம்.டி.க்கு மறுபடி உயிர் கொடுக்க நைலான் பட்டை பாஸ். நல்ல மார்க்கிலேயே பாஸ். நெருப்புக்குப் பக்கத்தில் ஃபெயில். வெடி மருந்துக்குப் பக்கத்தில் பரீட்சை எழுதவே அனுமதி இல்லை.

அடுத்த தடவை கடையில் நிற்கும்போது, “எந்த கலர் சார்?” என்று கேட்பார்கள். கலர் சொல்வதற்கு முன்னால் உங்கள் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அது நாளெல்லாம் என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.