பழைய வில்
திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் செங்கம் போகும் சாலை, வில்லை நேசிப்பவர்களுக்குப் பெரிய விருந்து. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் தனி நூலாகவே வெளியிட்டது. அந்தக் கற்கள் பலவற்றில் வீரனின் ஒரு கையில் வில், மறு கையில் வாள். எனக்கு வாளைவிட அந்த வில்லின் வளைவுதான் அழகு.

கல்லில் இருப்பது பார்க்க மட்டும்தான்; எய்து பார்க்க மூங்கில் வில்லைக் கையிலெடுக்க வேண்டும். மூங்கிலின் மேல்தோல் இலக்கைப் பார்த்தபடி இருக்கும். நார் அடர்ந்த அந்தப் பக்கம் இழுவையைத் தாங்கும், உட்பக்கம் அமுங்கிக் கொடுக்கும். அதனால்தான் உட்பக்கத்தை மட்டும் சீவி மெலிய வைக்கிறார்கள். என்ன நுட்பமான கணக்கு!

பழைய வில் வாங்குபவர் முதலில் குதையைத் தடவிப் பார்க்க வேண்டும். நாண் அழுந்தும் இடம் அது. கண்ணாடி இழை ஒட்டிய 1950-களின் அமெரிக்க வில்களுக்குச் சற்றே நீண்டு கொடுக்கும் டேக்ரான் நாண்தான் பொருந்தும். நீளாத புதுவகை நாணின் அதிர்ச்சி குதையைப் பிளந்துவிடக்கூடும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். விழுப்புரத்து மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுப்போனால், ஒட்டிய பசையே இளகிவிடும்.