வெண்பாவின் ஈற்றடி

வெண்பாவுக்கு ஈற்றடி குறைவது குற்றமில்லை. மற்ற அடிகள் நான்கு சீர், கடைசி அடி மூன்றே சீர். அதுவும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுள் ஒன்றில் போய் நிற்க வேண்டும். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற பாடம்தான். ஆகவே ‘வெண்பா’ என்று பெயர் வைத்த வீடியோ கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று சிலர் குறைப்பட்டபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குறுகியது வேறு, அவசரப்பட்டது வேறு. என் ஏமாற்றம் இரண்டாவதைப் பற்றியது.

டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. அடுத்த ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்றது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். (பாடுகிறவன் அவன், பாட்டு இவள். பெயர் வைத்தவர்கள் இதை யோசித்தார்களோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வந்தது.) அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலை எந்த வரிசையில் நிரப்புவது என்று விட்டுப்போன வரிகளை நாம் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம், அவ்வளவுதான். சுட்டு வீழ்த்த யாருமில்லை. ரேடியோவில் அந்தந்தக் காலத்துச் சினிமாப் பாட்டின் சாயலில் புதுப்பாட்டுகள் ஓடுகின்றன.

அடுக்களை வேலையை அறிவு வேலையாக இவ்வளவு மரியாதையோடு காட்டிய விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை. பதம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவது எத்தனை கணக்குகளின் கூட்டு என்பதை இது விரல்களுக்குச் சொல்லித்தருகிறது. மகன் வருவான் என்று வெண்பா பெருஞ்சமையல் செய்துவைத்துக் காத்திருக்கும் இடத்தில், அந்தப் பாத்திரங்களின் எண்ணிக்கையே அவள் தனிமையைச் சொல்லிவிடுகிறது. வசனமே வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் கை நழுவுகிறது. முதல் அத்தியாயத்திலேயே வெண்பாவின் கேள்வி வந்துவிட்டது: ஊருக்குத் திரும்பிப் போவதா, இங்கேயே கிடப்பதா. கரு தரித்ததால் அப்போது இருந்துவிடுகிறாள். பல ஆண்டுகள் கழித்து, கணவனை இழந்தபின், திரும்பிப் போகிறாள். கதையின் அச்சாணியான இந்த முடிவை எடுக்கும் நேரத்தில் நாம் அவளோடு இல்லை. கடைசிப் பகுதியில் கரண்டி கவினின் கைக்கு மாறிவிடுகிறது. அம்மாவின் தமிழை முழுசாக வாசிக்க முடியாமல் அவன் தடுமாறுவது நல்ல கற்பனை, மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் எல்லாம் ஓட்டம். அவன் வருந்துகிறான், இந்தியா வருகிறான், அம்மா அடுப்படியில் இருக்கிறாள், சேர்ந்து சமைக்கிறார்கள். இத்தனை வருஷப் புறக்கணிப்புக்கு வெண்பாவுக்கு ஒரு கோபம்கூட இல்லை.

புலம்பெயர்ந்தோர் கதையைப் பிள்ளைகளின் கோணத்திலிருந்து எடுத்துப் பெற்றோரின் கோணத்தில் வைத்துப் பார்ப்பதே நோக்கம் என்று இதை உருவாக்கிய அபி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நோக்கத்துக்குக் கடைசிவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. மகனின் குற்றவுணர்வு வந்ததும் கதை அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

எங்கள் குற்றாலத்துக்கு இது பழைய கதை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடி, காதலுற்று, நிலவை நொந்து, தோழியைத் தூது விடுகிறாள். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு வாங்கியதும் கவிராயருக்கு வசந்தவல்லி மறந்துபோகிறாள். மிச்சம் முழுக்கச் சிங்கன் சிங்கியைத் தேடி அலைவது, கண்டுபிடிப்பது, நகையைப் பற்றிக் கேட்பது. வசந்தவல்லி காத்திருந்தது என்னாயிற்று? சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு இது உறுத்தும். ஆனாலும் கவிராயர் அந்த இடத்தை இன்னொரு பெண்ணுக்காவது கொடுத்தார். சிங்கி தான் சம்பாதித்த நகையைப் போட்டுக்கொண்டு, சிங்கன் கேட்கக் கேட்க வாயாடுகிறாள். வெண்பாவுக்கு அந்த வாயும் இல்லை.

தென்காசியில் எனக்குத் தெரிந்த வீடுகள் பலவற்றில் மகன் வெளிநாட்டில், அம்மா இங்கே. போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்த பெண்களும் உண்டு. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதைத்தான் இந்த விளையாட்டு சொல்லும் என்று நம்பினேன். கனடா வீட்டைக் காலிசெய்த நாளில் வெண்பா எந்தப் பாத்திரத்தைப் பெட்டியில் வைத்தாள், எதை யாருக்குக் கொடுத்தாள், கடைசியாக அந்த அடுப்பில் தனக்கென்று என்ன சமைத்துச் சாப்பிட்டாள்? ஒரே ஓர் அத்தியாயம் போதும். அதை விளையாட நான் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.