ஹௌதான்: நாணல் செய்யும் வேலை, செய்யாத வேலை

ஷாங்காய் நகரில் ஹுவாங்பு ஆற்றங்கரையில் எஃகு ஆலையும் கப்பல் பட்டறையும் இருந்து ஓய்ந்த இடம் ஹௌதான். 2010 உலகக் கண்காட்சிக்காக அந்த 14 ஹெக்டேர் நிலத்தை யு கோங்ஜியானின் டுரென்ஸ்கேப் நிறுவனம் பூங்காவாக்கியது. ஆற்றோரத்து ஆலை நிலத்தை மீட்பது பற்றிப் பேச்சு வந்தாலே இதைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அந்தப் புகழில் பாதிதான் நியாயம்.

கரை விஷயத்தில் குறை சொல்ல அதிகமில்லை. முன்பு அங்கே காங்கிரீட் வெள்ளத் தடுப்புச் சுவர் இருந்தது. செங்குத்துச் சுவரில் மோதும் அலை வலுக் குறையாமல் திரும்பி, சுவரின் அடிமண்ணையே அரிக்கும். அதை அகற்றிவிட்டுக் கற்களைச் சரிவாகப் போட்டார்கள். கல்லிடுக்கில் அலை சிதறும், வண்டல் தங்கும், அதில் நாணல் வேரூன்றிக் கரையைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஈரநிலம். அதன் ஓரம் படிவயல் போல இறங்குவதால் மழைநீர் ஒரே பாய்ச்சலாக மண்ணை வாரிக்கொண்டு ஓட முடியாது. 20 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கான கரைக்கும் 1000 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கான கரைக்கும் நடுவே இந்த ஈரநிலம் கிடக்கிறது. பெருவெள்ளத்தில் நனைய வேண்டியது பூங்காதான், ஊரல்ல. நல்ல யோசனை.

சிக்கல் தண்ணீர்க் கணக்கில் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 2,400 கன மீட்டர் ஆற்றுநீரைச் சீனத் தரவரிசையின் ஐந்தாம் தரத்துக்கும் கீழிருந்து மூன்றாம் தரத்துக்கு உயர்த்துவதாக வடிவமைத்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஹுவாங்புவில் அவ்வளவு நீர் ஓடிக் கடக்கச் சில நொடி போதும். பூங்காவின் தேவைக்கு இது தாராளம். ஆற்றையே சுத்தம் செய்கிறது என்பது மிகை. நாணல் உறிஞ்சிய பாஸ்பரஸ் எங்கும் மாயமாவதில்லை. பருவத்தில் அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் தண்டு அழுகித் தண்ணீருக்கே திரும்பும். ‘இயற்கை தானே பார்த்துக்கொள்ளும்’ என்று விற்பவர்கள் அரிவாள் பிடிப்பவரின் கூலியை விலைப்பட்டியலில் சேர்ப்பதே இல்லை!

ஹௌதானைப் பார்த்து நகலெடுப்பவர்கள் செய்யும் தவறு இன்னும் பெரியது. மழைநீரை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது இப்போதைய வேதமாகிவிட்டது. குடியிருப்புப் பகுதிக்கு அது சரி. எண்ணெயும் கன உலோகமும் ஊறிய ஆலை மண்ணில் தண்ணீரை இறக்கினால் நஞ்சு நிலத்தடி நீருக்குப் போகும். மண்ணைச் சோதித்து, கெட்டதை அகற்றியோ மூடியோ விட்ட பிறகுதான் எங்கே நீர் இறங்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும்.

புகைப்படங்களில் வராத கட்டம் ஒன்று உண்டு: பழைய தளத்தைப் பெயர்த்த பின், செடி பிடிப்பதற்கு முன், மண் வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள். ஒரே கனமழையில் ஆண்டுக்கணக்கான நஞ்சு ஆற்றில் இறங்கிவிடும். அப்போது காப்பது சரிவில் விரித்த தென்னைநார்ப் பாயும், கீழே கட்டிய வண்டல் தடுப்புத் துணியும்தான். அந்தத் துணியின் அடிவிளிம்பைப் பள்ளம் தோண்டிப் புதைத்து மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். பல இடங்களில் வெறும் குச்சியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்; கலங்கல் நீர் அதன் அடியில் புகுந்து போய்விடுகிறது.

இத்தகைய திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகள் பூங்காவின் வரைபடத்தை அப்புறம் பார்க்கட்டும். மழைக்கு முன் எவ்வளவு மண்ணைத் திறப்பீர்கள், பத்தாம் ஆண்டில் நாணலை யார் அறுப்பார்கள் என்ற இரண்டுக்கும் டெண்டரில் பணம் ஒதுக்கியிருந்தால் மட்டும் கையெழுத்திடட்டும்.