பைலாவும் நமது பொப் பாடலும்

கொட்டாஞ்சேனைக் கலியாண வீடொன்றிலே விருந்து முடிந்ததும் 'சுராங்கனி' ஒலிக்கிறது. தமிழரும் சிங்களவரும் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றனர். வெள்ளவத்தையிலிருந்து சென்ற தமிழாசிரியர்களாகிய நாம் மட்டும், "இதுவும் ஒரு கலையா?" என்று முகஞ் சுளித்து ஒதுங்கி நிற்கிறோம். அந்தச் சுளிப்பை ஆராய்வது நமது கடமையாகும்.

பைலா யாருடைய இசை? 1505இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயரின் பாடலும், அவர்களால் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களின் தாளமும் கலந்து கரையோரத்திலே வளர்ந்த இசை அது. மட்டக்களப்புப் பறங்கியரிடையே கபரிஞ்ஞா ஆட்டமாக அதன் மூலவடிவம் நிலைத்தது. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அதனைச் சிங்களத்திலே பரப்பினார். அமெரிக்காவில் அடிமைகளின் வழிவந்தோர் புளூசையும் ஜாஸையும் படைத்ததைப் போன்றதே இதுவும். அடக்கப்பட்டோரின் தாளம் ஆண்டவர்களின் விருந்து மண்டபத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது!

1968இல், பெல்பாஸ்ட் நகரத்தவரான வான் மொரிசன் நியூயோர்க் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து 'அஸ்ட்ரல் வீக்ஸ்' இசைத்தட்டை உருவாக்கினார். நாட்டார் இசையும் ஜாஸும் புளூசும் அதிலே ஒன்றாயின. ஏறத்தாழ அக்காலத்திலேதான் நம்மிடையே நித்தி கனகரத்தினம் கிற்றாரை மீட்டி, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலே பாடினார். 'சின்ன மாமியே' சினிமாத் தமிழை இரவல் வாங்கவில்லை; வீட்டு முற்றத்துத் தமிழையே பாடியது. 1960களின் தொடக்கத்தில், சிறுகதையிலே பேச்சுமொழி வந்ததை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் பழித்தபோது நாம் முற்போக்கு அணியில் நின்று வாதாடினோம். அதே மொழி பாட்டாக வந்தபோது நாமே பண்டிதராகிவிட்டோம். இது முரண்பாடன்றி வேறென்ன?

எனினும் குறையை மறைப்பது விமர்சனமாகாது. வான் மொரிசன் தம் ஊர்த் தெருவையே ஏக்கத்தோடு பாட்டில் நிறுத்தினார். நமது பொப் பாடலோ பெரும்பாலும் கேலியோடும் குதூகலத்தோடும் திருப்தியடைந்துவிடுகிறது. ஏ. ஈ. மனோகரன் புகழ்பெறச் செய்த 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் தோழமையோடு கைகோக்கின்றன, மீனும் இருக்கிறது. வலை இழுத்துக் காய்த்த கையைக் காணோம். காப்பிரியின் தாளத்தை எடுத்துக்கொண்ட நாம் அவனது துயரைக் கரையிலேயே விட்டுவிட்டோம்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலே தமிழர் வீடுகள் எரிந்தன. பாட்டு அதனைத் தடுத்திருக்கும் என்று நாம் பேதைமையாகச் சொல்லவில்லை. தாளம் கலப்பதும் மக்கள் சமத்துவமாக வாழ்வதும் ஒன்றல்ல என்பதே அந்நெருப்பு புகட்டிய பாடம். ஆனால், மக்கள் ஒருமுறை சேர்ந்து ஆடினர் என்பதற்கு அப்பாட்டு சாட்சியாக இருக்கிறது. அச்சாட்சியைப் பரிகசிக்கும் உரிமை நமக்கில்லை.

ஆகவே, அடுத்த விருந்திலே ஒதுங்கி நிற்காது செவிகொடுப்போம். வகுப்பறையிலே இப்பாடல்களின் பிறப்பைச் சொல்லிக்கொடுப்போம். அந்தத் துள்ளலோடு உழைப்பவனின் மூச்சையும் சேர்த்துப் பாடும் கலைஞன் நம் மாணவரிடையேதான் தோன்ற வேண்டும்.