கைமாறும் உயிர்கள்: விலங்குச் சாகசக் கதைகளும் இளம் வாசகரும்

முன்னுரை

விலங்குச் சாகசக் கதைகள் இளம் வாசகரை ஈர்ப்பதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. சிறுவர்க்கு விலங்குகளின்மீது இயல்பாகவே அன்பு உண்டு என்பது ஒன்று. அறத்தைக் கசப்பின்றிப் புகட்ட விலங்குக் கதை ஏற்ற கருவி என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எர்னஸ்ட் தாம்சன் சீட்டனின் கதையொன்றில், சங்கிலியால் கட்டுண்ட தன் குட்டியை விடுவிக்க இயலாத தாய்நரி, இறுதியில் அதற்கு நஞ்சூட்டப்பட்ட இரையைக் கொணர்ந்து கொடுக்கிறது. இத்தகைய கதையை ஒரு சிறுவன் ஏன் விரும்பிப் படிக்கிறான் என்பதை விலங்கன்பும் விளக்காது. அறக்கருவி என்னும் கருத்தும் விளக்காது. இவ்வீர்ப்பின் அடிப்படையைச் சில நூல்களின் கதைசொல்லும் முறைவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ்ச் சூழலில் இவ்வினாவுக்குத் தனி முதன்மை உண்டு. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் அச்சேறியது முதல், விலங்குக் கதை என்றவுடன் நீதிக்கதையே நினைவுக்கு வரும் வழக்கம் வலுப்பெற்றது. பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் நரி வடிவில் வந்த அமைச்சர்கள். அவர்களின் பசி, மோப்பம், உடற்சோர்வு ஆகியவை கதையின் போக்கைத் தீர்மானிப்பதில்லை, சொல்வன்மையே தீர்மானிக்கிறது. சாகசக் கதையிலோ உடலே முதற்பொருள். இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ஒரே வகையாக எண்ணும் திறனாய்வு, நீதி எங்கே என்று தேடிக் களைத்துப் போகும்.

விலங்கின் உள்ளத்தை எழுதுதல்

விலங்கு எண்ணுவதாக எழுதலாமா என்னும் சிக்கல் இவ்வகைமையின் தொடக்கக் காலத்திலேயே பெரும் வழக்காயிற்று. சீட்டனின் ‘வைல்ட் அனிமல்ஸ் ஐ ஹாவ் நோன்’ 1898இல் வெளிவந்தது. இயற்கையியல் எழுத்தாளர் ஜான் பரோஸ் 1903இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் சீட்டன், வில்லியம் லாங் ஆகியோரைக் கடுமையாகத் தாக்கினார். கற்பனையை உயிரியல் உண்மையாக விற்கின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. 1907இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் இவ்விவாதத்தில் இறங்கி ஜாக் லண்டனையும் சாடினார். ஒரு நாட்டின் தலைவர் ஓநாய்க் கதைகளின் நம்பகத்தன்மை பற்றிப் பொதுவெளியில் வழக்காடியது இலக்கிய வரலாற்றில் அரிய காட்சி.

லண்டன் 1908இல் எழுதிய மறுமொழி திறனாய்வு நோக்கில் பயனுடையது. தம் நாய்கள் நுண்பொருளாகச் சிந்திப்பதில்லை, உணர்வாலும் எளிய அறிவாலும் இயங்குகின்றன என்பதை இடையிடையே வெளிப்படையாகச் சொல்லியதாகவும், அதனால் கதையோட்டம் தடைப்படுவதை அறிந்தே அவ்வாறு செய்ததாகவும் அவர் விளக்கினார். இந்தத் தடையை இளம் வாசகர் குறையாக உணர்வதில்லை. பக் என்னும் நாய்க்குத் தெரியாத ஒன்று வாசகனுக்குத் தெரிகிறது. பொன் வேட்டைக்காக வடதிசைக்கு வலிய நாய்கள் தேவைப்படுகின்றன என்பதை வாசகன் அறிவான், பக் அறியாது. பெரியவர்களின் உலகில் எப்போதும் குறைவாக அறிந்தவனாக வைக்கப்பட்டிருக்கும் சிறுவன், இங்கு ஒருமுறை அதிகம் அறிந்தவனாகிறான். ஆனால் அவ்வறிவால் பக்கைக் காக்க அவனால் இயலாது. இந்த இயலாமையே பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.

உரிமையாளரும் உடலும்

ஜாக் லண்டனின் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ 1903இல் வெளிவந்தது. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகப் பணியாற்றிய பெ. தூரன் அதனைக் ‘கானகத்தின் குரல்’ எனத் தமிழாக்கினார். கலிபோர்னியாவில் நீதிபதி ஒருவரின் வீட்டில் வளரும் பக், சூதாட்டக் கடனில் சிக்கிய தோட்ட உதவியாளனால் விற்கப்படுகிறது. பிறகு அரசு அஞ்சல் வண்டிக்காரர், மற்றோர் அஞ்சல் குழுவினர், பனிநிலத்தைப் பற்றி ஏதும் அறியாத ஹால் குடும்பத்தினர், ஜான் தார்ன்டன் எனக் கைமாறிக்கொண்டே செல்கிறது. அன்னா சீவெல்லின் ‘பிளாக் பியூட்டி’ (1877) இதே அமைப்பை இன்னும் வெளிப்படையாகக் கையாள்கிறது. அக்குதிரை கைமாறும்போது அதன் பெயரும் மாறுகிறது: பிளாக் ஆஸ்டர், ஜாக், ஓல்ட் குரோனி. குதிரையைப் பராமரிப்போரை நோக்கி எழுதப்பட்ட நூல் அது. சிறுவர் அதைத் தமதாக்கிக்கொண்டனர்.

அவ்வாறு தமதாக்கிக்கொண்டதன் காரணம் இவ்வமைப்பிலேயே உள்ளது. எங்கு வாழ்வது, யாரிடம் இருப்பது, எப்போது உண்பது, எந்தப் பெயரால் அழைக்கப்படுவது ஆகியவற்றுள் எதையும் தானே முடிவு செய்யாத உயிர் சிறுவன்தான். ஊர் மாற்றம், பள்ளி மாற்றம், உறவினர் வீட்டில் விடப்படுதல் ஆகிய அனைத்தும் அவனைக் கேளாமலே நிகழ்கின்றன. விலங்குக் கதை அவனது நிலையை அவன் பெயரைச் சொல்லாமல் சொல்கிறது. மனிதச் சிறுவனைக் கொண்டு இதே கதையைச் சொல்லியிருந்தால் அது புகாராகவோ அழுகையாகவோ முடிந்திருக்கும். நாயும் குதிரையும் புகார் செய்வதில்லை. தாங்குகின்றன, ஓடுகின்றன, கடிக்கின்றன. தன்னிரக்கமற்ற இந்த இயக்கம் சிறுவனுக்குப் பெரும் விடுதலை.

லண்டனைப் பற்றி மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் நூலில் தடியும் பல்லுமே சட்டம். தலைமை நாயான ஸ்பிட்ஸைக் கொன்று அதன் இடத்தைப் பிடிக்கும் பக், இறுதியில் ஈஹாட் என்னும் கற்பனைப் பழங்குடியினரைக் கிழித்தெறிந்து கானகத்தின் தலைவனாகிறது. அம்மக்களுக்கு நூலில் முகமில்லை. அவர்கள் நாயின் வீரத்திற்கு இரையாக மட்டுமே வருகின்றனர். ஒடுக்கப்பட்ட உயிரின் விடுதலை, மற்றவர்களை வீழ்த்தும் வெறியாக மாறும் இவ்விடத்தை வகுப்பறைகளில் பலர் கடந்து சென்றுவிடுகின்றனர். நூலின் ஆற்றலுக்கு மயங்கிய வாசகனிடம் கேட்கப்பட வேண்டிய வினா இங்குதான் உள்ளது.

சித்திரக்கிரீவன்

அவ்வினாவுக்கு மாற்றுவிடை ஒன்று தன் கோபால் முகர்ஜியின் ‘கே நெக்’ (1927) நூலில் கிடைக்கிறது. கல்கத்தாவுக்கு அருகில் பிறந்து 1910இல் அமெரிக்கா சென்ற முகர்ஜி, இந்நூலுக்காக 1928ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கம் பெற்றார். கதைத்தலைவனான புறாவின் பெயர் சித்திரக்கிரீவன். பஞ்சதந்திரத்தின் சுகிர்லாபப் பகுதியில் வலையோடு பறந்த புறாக்களின் அரசனுக்கும் அதுவே பெயர். நீதிக்கதையின் அரசப் புறா இங்குக் கல்கத்தாச் சிறுவனொருவன் வளர்க்கும் பறவையாகி, முதல் உலகப் போரில் பிரான்சில் செய்தி சுமந்து செல்கிறது. பழைய சித்திரக்கிரீவன் தன் கூட்டத்திற்கு வழிகாட்டினான். புதியவன் யாருக்காக, எதற்காகப் பறக்கிறோம் என்று அறியாமலே குண்டுகளுக்கிடையே பறக்கிறான்.

முகர்ஜி சில இயல்களைச் சிறுவனின் குரலிலும் சிலவற்றைப் பறவையின் குரலிலும் அமைக்கிறார். பரோஸ் எழுப்பிய தடையை அவர் வாதிட்டு வெல்ல முயல்வதில்லை. கற்பனையின் துணையோடுதான் பறவையின் மொழி புரியும் என வாசகனிடம் ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். இந்த நேர்மை, அறிவியல் உண்மை எனச் சீட்டன் அறிவித்துக்கொண்டதைவிட நம்பிக்கை தருகிறது.

போரிலிருந்து மீளும் புறா பறக்க மறுக்கிறது. அதனுடன் சென்ற வேட்டைக்காரர் கோண்டும் போரின் நினைவால் நோயுற்றவர். லண்டனின் பக்குக்கு அச்சத்திலிருந்து விடுபட ஒரே வழி மேலும் வலிமை பெறுவது. முகர்ஜியின் பறவைக்கு அவ்வழி இல்லை. இமயத்தின் சிங்காலிலாப் பகுதியிலுள்ள பௌத்த மடத்தில், வெறுப்பும் அச்சமும் ஒரே நோயின் இரு கூறுகள் எனக் கருதும் லாமாவின் பேணலில் இருவரும் நலம் பெறுகின்றனர். இப்பகுதியில் லாமாவின் உரை நீள்கிறது. சாகசத்தில் ஓடிவந்த இளம் வாசகனின் கால்கள் இங்குத் தளரும். கலைநோக்கில் இது குறையே. எனினும் சாகசத்திற்குப் பின் உடலில் எஞ்சும் நடுக்கத்தைச் சிறுவர் நூலொன்று கதையின் பொருளாகவே ஏற்றது 1927இல் புதுமை.

இறப்பின் இடம்

காட்டு விலங்கின் வாழ்வு எப்போதும் துயரத்திலேயே முடியும் என்பதும், தம் கதைகள் உண்மையானவை என்பதால்தான் அவை துயரமானவை என்பதும் சீட்டனின் நிலைப்பாடு. அவருடைய லோபோ என்னும் ஓநாய், நஞ்சையும் பொறிகளையும் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றியது. இறுதியில் தன் துணையான பிளாங்காவைத் தேடி வந்தே பொறியில் சிக்கியது. அந்தப் பொறிகளை வைத்தவர் சீட்டன். கொன்றவரே கதைசொல்லியாக நின்று கொல்லப்பட்டதன் பெருமையைப் பாடும் இந்த இரட்டைநிலையை இளம் வாசகன் பெயரிட்டுச் சொல்லமாட்டான். ஆனால் கதையை முடித்தபின் அவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதில் ஐயமில்லை. கதைசொல்லியின் பக்கம் அல்ல. ஒரு நூலின் ஆசிரியரை எதிர்த்து அதன் மாந்தனோடு நிற்கும் முதல் பட்டறிவைப் பல வாசகருக்குத் தந்தது ஓர் ஓநாயே.